திருடன் நாற்காலி

எங்கள் அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் காப்புரிமை விண்ணப்பத்தைக் கணினியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பொத்தானை அமுக்கினால் எண் வந்து விழுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. கிண்டி அரசாங்கக் காப்புரிமை அலுவலகத்தில் கவுண்டர் முன்னால் கால் கடுக்க நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். போன மாதம் அவர்களில் ஒருத்தி சேலையூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "மேடம், ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. பிசிக்ஸ் பசங்க. அரை மணி நேரம்தான். என்ன பேசறதுன்னே தெரியல. நீங்க முன்னாடி தாம்பரத்துல பேசினீங்களாமே, அந்த ஸ்லைடெல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஸ்லைடு எதுவும் இல்லை. இருந்ததும் அன்றைக்கு ஓடவில்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கையில் அவள் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. "இதை அப்படியே எழுதிக் கொடுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன். பிடித்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்லைடு போட்டுக்கொள்ளட்டும்.

நான் காப்புரிமை முகவராக இருந்தவள். ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்தால், அதை அவரைக் கேட்காமல் வேறு யாரும் இருபது வருடம் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் தரும் உரிமைதான் காப்புரிமை. அதற்கு விண்ணப்பம் எழுதி, வாதாடி, வாங்கிக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் தெருவில் என்னை வக்கீல் என்றே நினைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் தகராறுக்கெல்லாம் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். இயற்பியலில் பட்டம் வாங்கியது, டுடோரியலில் பாடம் எடுத்தது, கிண்டியில் ஒரு சின்ன காப்புரிமை முகவர் அலுவலகத்தில் தட்டச்சுப் பிழை பார்க்கச் சேர்ந்தது, பிறகு முகவர் தேர்வு எழுதித் தேறியது, இதையெல்லாம் விரித்தால் தூக்கம்தான் வரும். அந்த அலுவலகத்தை நடத்திய ஜாபர் சாரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

ஜாபர் சார் பல்லாவரத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரே என்று நானே பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். கண்டுபிடித்தவர் யாராவது வந்தால் முதலில் டீ வரும். அவர் பேசி முடிக்கும்வரை சார் பேனா மூடியைத் திறக்க மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. இது இல்லாம இவ்வளவு நாளும் என்ன கஷ்டம்? அதைச் சொல்லுங்க" என்பார். பாதிப் பேர் அங்கேயே திணறிவிடுவார்கள்.

எதை உரிமையாகக் கேட்கிறோம் என்று சொல்லும் வரியை நாங்கள் கிளெய்ம் என்போம். விண்ணப்பத்தின் உயிர் அதுதான். நான் முதன்முதலில் எழுதிய கிளெய்ம், ஒரு குரோம்பேட்டைக்காரர் ஃபிளாட் பால்கனிக்காகச் செய்த துணி காயப்போடும் அமைப்பைப் பற்றியது. 'நான்கு எஃகுக் கம்பிகள் கொண்ட' என்று அழகாக ஆரம்பித்திருந்தேன். சார் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப நான் திருடன்" என்றார், அதே மெதுவான குரலில். "நான் அஞ்சு கம்பி போட்டு விக்கிறேன். உங்க கிளெய்ம்ல நாலுன்னுதானே இருக்கு? என்னை எப்படிப் பிடிப்பீங்க?"

'நான்கு' என்பதை அடித்துவிட்டுப் 'பல' என்று எழுதினேன்.

"எஃகு வேண்டாம். அலுமினியத்துல பண்றேன்."

எஃகையும் அடித்தேன். இப்படியே ஒரு மணி நேரம் என்னை வதைத்தார். நாம் எழுதும் ஒவ்வொரு அதிகப்படியான சொல்லும் திருடன் நுழைய ஒரு சந்து என்று அன்றைக்குப் புரிந்தது. சரி, சொல்லையே குறைத்துவிடலாம் என்று அடுத்த முறை வரியை மொட்டையடித்துக் கொண்டுபோனேன். அதற்கும் விடவில்லை. "இப்ப இது நம்ம ஊர்ல கட்டற சாதாக் கொடிக்கே பொருந்துது ரேவதி. ஏற்கெனவே இருக்கிறதுக்கு எவன் உரிமை கொடுப்பான்?" என்றார். அன்றிலிருந்து எந்த விண்ணப்பமும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகும். நாங்கள் அதைத் திருடன் நாற்காலி என்றே சொல்ல ஆரம்பித்தோம். பாவம், வாடிக்கையாளர்கள் விவரம் தெரியாமல் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இனி தாம்பரம். இரண்டாயிரங்களின் பின்பாதி அது. காப்புரிமை என்ற சொல் செய்தித்தாளில் அடிக்கடி அடிபட்ட சமயம். ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்து போன் வந்தது. துறைத்தலைவர் டேவிட் சார் பேசினார். அவர்கள் துறையில் ஒரு கண்காட்சி, மற்ற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், அதற்கு முந்தைய நாள் காலையில் இளநிலை மாணவர்களுக்குக் காப்புரிமை பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்றார். எளிமையாக இருக்கட்டும் மேடம் என்று இரண்டு முறை சொன்னார். என் குரலைக் கேட்டால் எளிமையாகப் பேச மாட்டேன் என்று தோன்றியதோ என்னவோ.

போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். புரொஜெக்டர் நீலமாக ஒரு வெளிச்சத்தைச் சுவரில் அடித்துவிட்டு அதோடு நின்றுவிட்டது. இரண்டு பையன்கள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்கள். இயற்பியல் துறை, சுற்றி அத்தனை பேர் இயற்பியல்காரர்கள், ஒருவராலும் அதை எழுப்ப முடியவில்லை. "விடுங்கப்பா, வாயால சொல்றேன்" என்று மைக்கை வாங்கிக்கொண்டேன்.

காப்புரிமை என்றால் என்ன என்று கேட்டேன். "யாரும் காப்பி அடிக்கக் கூடாது மேடம்" என்றான் ஒருவன். "நம்ம மஞ்சளை வெளிநாட்டுக்காரன் எடுத்துக்கிட்டான்ல, அது" என்றாள் ஒருத்தி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கண்டுபிடிச்சதை ரகசியமா வச்சுக்கறது" என்றது.

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றீங்க" என்றேன். "ரகசியமா வச்சுக்கணும்னா எங்ககிட்ட வராதீங்க, வீட்டுல பூட்டி வைங்க. காப்புரிமைங்கிறது ஒரு பேரம். நீ கண்டுபிடிச்சதை ஒண்ணு விடாம, இன்னொருத்தர் படிச்சுட்டு அப்படியே செய்யற மாதிரி, எழுதிக் கொடுக்கணும். பதிலுக்கு அரசாங்கம் உனக்கு இருபது வருஷம் கொடுக்கும். அதுக்கப்புறம் அது ஊருக்கே சொந்தம்."

பிறகு எதற்கெல்லாம் கிடைக்காது என்று சொன்னேன். இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் விதிக்குக் கிடைக்காது. ஈர்ப்பு விசைக்குக் கிடையாது, அதை வைத்து ஓடும் கடிகாரத்துக்கு உண்டு. "அப்போ பிசிக்ஸ் படிச்சவனுக்கு ஒண்ணுமே இல்லையா மேடம்? எல்லாம் இன்ஜினியரிங்காரனுக்குத்தானா?" என்று ஒரு பையன் கேட்டான். கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, நானும் அந்தப் பட்டம் வாங்கியவள்தானே. "ஏன் இல்லாம? உங்கள்ல யாராவது கையால எதையாவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

அத்தனை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. மூன்றாவது வரிசையில், நீலத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்த ஒரு பெண். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தள்ளி, "எழுந்து சொல்லுடி" என்றாள். நாளைக்குக் கண்காட்சியில் இவளுடையதுதான் முதல் ஸ்டால் என்று டேவிட் சார் பெருமையாக என் காதில் சொன்னார்.

அந்தப் பெண் எழுந்தாள். "என் பேர் நஸ்ரின் மேடம். மூணாவது வருஷம். செருப்பு, பெல்ட் செய்யற தோல்ல எவ்வளவு ஈரம் இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு மீட்டர் செஞ்சிருக்கேன். இப்ப இருக்கிற மீட்டர் எல்லாம் தோல் கொஞ்சம் தடிமனா இருந்தாலே தப்பா காட்டும். என்னோடது காட்டாது. ஏன்னா, நான் அதுக்குள்ள என்ன பண்ணிருக்கேன்னா..."

"வாயை மூடும்மா" என்றேன்.

மைக் கையில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணின் முகம் செத்துப் போயிற்று. டேவிட் சாரின் காது மடல் சிவந்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அப்படிச் சொன்னதற்கு அப்போதும் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை. "தயவுசெய்து பேச வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மொத்தத்தையும் கொட்டியிருப்பாள். வேற்றுக் கல்லூரிப் பிள்ளைகள் ஸ்டால் போட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உட்காரும்மா. உன்மேல கோபம் இல்ல" என்றேன். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். "இதுதான் இன்னைக்குப் பாடம். ஒரு விஷயம் புதுசா இருந்தாத்தான் காப்புரிமை. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இப்படி ஒரு கூட்டத்துல சொல்லிட்டா அது புதுசு இல்ல. சொன்னது நீயாவே இருந்தாலும் சரி. எழுதிக் கொடு, எண்ணை வாங்கு, அப்புறம் மைக் போட்டுச் சொல்லு."

கைதட்டினார்கள். நஸ்ரின் தட்டவில்லை. குனிந்து துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் அறையில்தான் சண்டை. எனக்கு முன்னால் டீயை வைத்துவிட்டு டேவிட் சார் நேரே விஷயத்துக்கு வந்தார். "மேடம், கண்டுபிடிச்சதை மறைக்காதேன்னுதான் இத்தனை வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். எங்க துறையில அதுதான் வழக்கம். சார்ட்ல எல்லாத்தையும் வரையணும், கேக்கறவங்களுக்கு எல்லாத்தையும் விளக்கணும். விளக்கறதுக்குத்தான் மார்க்கே. நீங்க அரை மணி நேரத்துல அதைத் தலைகீழாக்கிட்டீங்க."

"தலைகீழாக்கல சார். ஒரு நாள் பொறுக்கச் சொல்றேன்."

"அறிவுக்கு வேலி போடறது எனக்குப் பிடிக்கல."

"வேலிக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டணும் சார், அதுதான் சட்டம். ஒன்றரை வருஷத்துல அரசாங்கமே அதை வெளியிடும். உங்க பிள்ளைங்க எடுத்துப் படிக்கலாம், அதை வச்சு ஆராய்ச்சி பண்ணலாம், ஆராய்ச்சியில இதைவிட நல்லதாவும் செஞ்சு பார்க்கலாம். செஞ்சு விக்கத்தான் அவளைக் கேக்கணும்."

"நிஜமாவா? யார் வேணும்னாலும் படிக்கலாமா?"

"படிக்கணும்னுதான் அச்சடிக்கறாங்க."

அவர் டீயைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. கதவருகே நின்றிருந்த நஸ்ரினைப் பார்த்து, "நீதாம்மா சொல்லணும். நாளைக்கு உன் ஸ்டாலை எடுத்துடலாமா? விண்ணப்பம் போட்டுட்டு அடுத்த வருஷம் வைக்கலாம்" என்றார்.

அடுத்த வருடம் அவள் அந்தக் கல்லூரியிலேயே இருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும்.

நஸ்ரினின் தந்தை பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் மேற்பார்வையாளர். உள்ளே ஈரம் நின்றுவிட்டால் தோல் பூஞ்சை பிடிக்கும், அதிகம் காய்ந்துவிட்டால் தைக்கும்போது வெடிக்கும். மீட்டர் ஒன்று காட்டும், தோல் ஒன்று செய்யும். சரக்கு திரும்பி வரும்போதெல்லாம் முதலாளி திட்டுவது அவரைத்தான். "எங்க அத்தா தப்பு பண்ணல மேடம். மீட்டர்தான் தப்பு. அதை எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணும்னுதான் இதைச் செஞ்சேன். நாளைக்கு அத்தாவும் வர்றாங்க, முதலாளியையும் கூட்டிட்டு வர்றாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா நான் சொல்லிக் காட்டினதை வேற யாரோ செஞ்சு அவங்க பேர் போட்டுக்கிட்டா அதையும் என்னால தாங்க முடியாது. எனக்கு ரெண்டும் வேணும் மேடம். நாளைக்கு நான் சொல்லணும். அது என்னோடதாவும் இருக்கணும்."

எனக்கு அவளை அப்போதுதான் பிடித்தது. அதுவரை அவள் ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஒரு வழி இருந்தது. முழு விண்ணப்பம் எழுத நாளாகும். ஆனால் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. இன்னது கண்டுபிடித்திருக்கிறேன் என்று தெளிவாக எழுதி இன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், முழுசை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். கவுண்டர் சாயங்காலம் மூடுவதற்குள் கிண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஜாபர் சாருக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வாங்க. யார் யார்கிட்ட இதுவரைக்கும் சொல்லிருக்கான்னு வழியிலயே கேட்டுடுங்க" என்று வைத்துவிட்டார். தன் மாணவியை யாரென்று தெரியாத ஒருத்தியோடு தனியாக அனுப்ப டேவிட் சாருக்கு மனமில்லை. அவரும் கிளம்பினார். நஸ்ரின் அவருடைய போனில் வீட்டுக்குப் பேசினாள். "அத்தா, ஹெச்.ஓ.டி. சாரோட கிண்டிக்குப் போயிட்டு வரேன்... இல்லத்தா, ப்ராஜெக்ட் விஷயம்தான்... என்ன விஷயம்னா..." என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "வந்து சொல்றேன்த்தா" என்று முடித்தாள்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். டேவிட் சார் பொதுப் பெட்டிக்குப் போய்விட்டார், நாங்கள் பெண்கள் பெட்டியில். உட்கார்ந்ததும் அவள் பையைத் திறந்து, "மேடம், இது எப்படி வேலை செய்யுதுன்னா" என்று ஆரம்பித்தாள். எதிரே கொய்யாப்பழக் கூடையோடு ஒரு அம்மா, பக்கத்தில் வேலைக்குப் போகும் நான்கு பெண்கள். "உஷ்" என்றேன். இந்தக் குழந்தைக்கு விளக்கம் சொல்லாமல் இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படின்னு சொல்லாத. யார்கிட்ட சொல்லிருக்கன்னு மட்டும் சொல்லு."

வகுப்பில் எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள், உள்ளே பார்த்தது டேவிட் சார் மட்டும். பட்டறையிலும் மூடிய பெட்டியாகத்தான் வைத்துப் பார்த்திருக்கிறாள். அத்தா கேட்டாராம், கண்காட்சியில் வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். சார்ட் வரைந்து, செய்தித்தாள் போட்டு மூடி, ஸ்டாலில் சாத்தி வைத்திருக்கிறாள். வேறு எங்கேயாவது எடுத்துப் போனாயா என்று கேட்டதும் தயங்கினாள்.

"பல்லாவரம் சந்தைக்கு, மேடம். வெள்ளிக்கிழமை. விதவிதமான தோல் ஒரே இடத்துல வேற எங்க கிடைக்கும்? பெல்ட், பர்ஸ், செருப்பு எல்லாத்து மேலயும் வச்சுப் பார்த்தேன்."

சந்தையில் காட்டினால் ஊருக்கே காட்டின மாதிரி. "யாராவது கேட்டாங்களா?"

"ஒரு பெல்ட் கடைக்காரர் கேட்டார். 'இன்னாம்மா இது, டிபன் பாக்ஸ வச்சிகினு என் பெல்ட்டுக்கு இஸ்திரி போட்டுகினு கீற?'ன்னார்."

"டிபன் பாக்ஸா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அடிப்பக்கம் டேப் ஒட்டி மறைத்திருந்தது, மூடியில் அளவு காட்டும் ஒரு சின்ன முள். சுற்றியிருக்கும் மின் கருவிகளின் குறுக்கீடு உள்ளே போகாமல் இருக்க உலோகப் பெட்டி வேண்டும், வீட்டில் இருந்தது இதுதான் என்றாள்.

"நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"

"ஈரம் பாக்கறேன்னு சொன்னேன். எப்படின்னு அவர் கேக்கல மேடம். பெல்ட்டு வாங்கறியா இல்லியான்னுதான் கேட்டார்."

எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. மூடின பெட்டியால் உள்ளே இருப்பது வெளியே போகவில்லை. அந்த பெல்ட் கடைக்காரர் நன்றாக இருக்கட்டும்.

ஜாபர் சார் மூவருக்கும் டீ சொன்னார். பேனா மூடியைத் திறக்காமல் கேட்டார். இப்போது நான் 'சொல்லு' என்றதும் நஸ்ரின் கொட்டித் தீர்த்தாள். டிபன் பாக்ஸின் அடியில் இரண்டு ஜோடி உலோகப் பட்டைகள். ஒரு ஜோடி நெருக்கமாக, இன்னொரு ஜோடி அகலமாக விலகி. நெருங்கிய ஜோடி தோலின் மேல்பகுதியை மட்டும் உணரும், அகன்ற ஜோடி ஆழம்வரை உணரும். இரண்டு அளவையும் ஒப்பிட்டால் தடிமனால் வரும் பிழையைக் கழித்துவிடலாம், மிச்சம் இருப்பது ஈரம் மட்டும். இது இல்லாமல் என்ன கஷ்டம் என்று சார் கேட்டபோது அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. அவள் அத்தா வாங்கும் திட்டையே சொன்னாள்.

நான் எழுதினேன். சார் வாங்கிப் படித்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். திருடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டேவிட் சாரைப் பார்த்து, "கொஞ்சம் இடம் கொடுங்க சார்" என்றார். டேவிட் சார் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்.

"இப்ப நான் திருடன். நான் பிளாஸ்டிக் டப்பால வைக்கிறேன்." நான் 'உலோகப் பெட்டி'யை அடித்தேன். "ரெண்டு ஜோடி இல்ல, மூணு ஜோடி வைக்கிறேன்." நான் பேனாவை எடுப்பதற்குள் நஸ்ரின், "'குறைந்தது ரெண்டு'ன்னு போடலாமா சார்?" என்றாள். சார் புருவத்தை உயர்த்தினார். இன்னும் இரண்டு மூன்று கேட்டார், எல்லாம் அடைபட்டன. "என் சரக்கு தீர்ந்துடுச்சு. புரொபசர் சார், நீங்க உட்காருங்க. உங்களைவிட நல்ல திருடன் இதுக்குக் கிடைக்க மாட்டான்" என்று எழுந்தார்.

டேவிட் சார் அரைமனதாகத்தான் உட்கார்ந்தார். வரியைப் படித்தார். மறுபடி படித்தார். எனக்குக் கவுண்டர் நினைப்பு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் அசையவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் ஒரு விஷமம்.

"ரெண்டாவது ஜோடியே வேண்டாம். ஒரே ஜோடிதான் வைப்பேன். ஆனா அதை நகர்த்துவேன். முதல்ல நெருக்கமா வச்சு ஒரு ரீடிங், அப்புறம் தள்ளி வச்சு ஒரு ரீடிங். கிளெய்ம்ல குறைந்தது ரெண்டு ஜோடின்னு இருக்கு. என்கிட்ட ஒண்ணுதான். இப்ப என்ன செய்வீங்க?"

நான் வரியை மறுபடி படித்தேன். ஜாபர் சாரும்தான். நஸ்ரினின் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் உழைத்ததை அவளுடைய சொந்த வாத்தியாரே ஒரே வரியில் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் டிபன் பாக்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் பட்டைகளுக்கு நடுவில் தடவினாள்.

"அப்ப ஜோடின்னே எழுத வேண்டாம் சார்" என்றாள். "நான் ஜோடியை வச்சா கண்டுபிடிச்சேன்? இடைவெளியை வச்சுத்தானே. குறைந்தது ரெண்டு வேற வேற இடைவெளியில அளந்து ஒப்பிடறதுன்னு எழுதுங்க. ஒரு ஜோடியை நகர்த்தினாலும் சரி, பத்து ஜோடி வச்சாலும் சரி, சார் மாட்டிப்பார்."

டேவிட் சார் வாய்விட்டுச் சிரித்தார். மேசையில் தட்டினார். "மாட்டிக்கிட்டேன்" என்றார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். ஜாபர் சார் பேனா மூடியைத் திறந்து அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். மற்றவர்கள் சொன்ன வரியை அவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

கண்டுபிடித்தவர் பெயர் எழுதும் இடம் வந்தது. "முதல்ல ஹெச்.ஓ.டி. சார் பேர் போடுங்க மேடம், அப்புறம் என் பேர்" என்றாள் நஸ்ரின். கல்லூரியில் எல்லாக் கட்டுரையிலும் அப்படித்தானாம், கேட்கவே வேண்டாமாம். ஜாபர் சார் பேனாவைக் கீழே வைத்தார். "மரியாதைக்கு மாலை போடலாம்மா. இதுல பேர் போட முடியாது. யாருக்குத் தோணுச்சோ அவங்க பேர்தான். தப்பாப் போட்டா அதைக் காட்டியே பின்னாடி எவனாவது மொத்தத்தையும் உடைப்பான்" என்று சொல்லிவிட்டு டேவிட் சாரைப் பார்த்தார். அரை வருடம் டேவிட் சார் தன் சோதனைச்சாலையைத் திறந்துவிட்டிருக்கிறார், கருவி கொடுத்திருக்கிறார். தன் பெயரும் வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் மறுக்க மாட்டாள்.

"தடிமன் பிரச்சினை வந்தப்ப, இதை விட்டுட்டு வேற ப்ராஜெக்ட் எடுன்னு சொன்னவன் நான்" என்றார் டேவிட் சார். "அவ பேரை மட்டும் எழுதுங்க."

நஸ்ரின் கையெழுத்துப் போட்டாள். கவுண்டருக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கவுண்டரில் இருந்தவர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிச் சரிபார்த்து, முத்திரை குத்தி, எண் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். "இப்ப அத்தாகிட்ட சொல்லலாமா மேடம்?" என்றாள்.

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம், நாளைக்கே சொல்றேன்" என்றாள்.

அந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முழு விண்ணப்பம் கொடுத்தோம். காகிதத்துக்கு இதைப் போல ஒன்று வெளிநாட்டில் ஏற்கெனவே உண்டு என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் காட்டினார், வாதாடினோம், தோலுக்கு மட்டும் என்று கொஞ்சம் வெட்டுப்பட்டுச் சில வருடம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் அவள் மேற்படிப்பு முடித்துவிட்டாள். சின்னக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம் அவளிடம் முறையாகக் கேட்டு வாங்கிச் செய்தது. இப்போது அது டிபன் பாக்ஸில் வருவதில்லை.

விண்ணப்பம் போட்ட மறுநாள் கண்காட்சிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போனேன். முதல் ஸ்டாலைச் சுற்றி நல்ல கூட்டம். சார்ட்டின் மேலிருந்த செய்தித்தாளை எடுத்திருந்தார்கள். முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார், வெள்ளைத் தொப்பி, சலவைச் சட்டை. பக்கத்தில் தங்கக் கடிகாரம் கட்டிய ஒருவர். யார் அத்தா, யார் முதலாளி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நஸ்ரின் டிபன் பாக்ஸைத் திருப்பிக் காட்டி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "இப்ப பட்டறையில இருக்கிற மீட்டர் ஏன் தப்பாக் காட்டுதுன்னா..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அவள் அத்தாவும் திரும்பினார்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றேன். "சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் டிபன் பாக்ஸை அத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.